நம் கடைக்கு ஒரு வெப் சர்வீஸ்: வியாபாரிகள் அறிய வேண்டியவை

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டி, வரிச் சரக்கு விற்கும் நம் உறுப்பினர்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் போட்டு வருகிறார்கள். பில் போட்டு ஒரு பட்டனைத் தட்டியதும் சில விநாடிகளில் 64 எழுத்துக்கள் கொண்ட ஐ.ஆர்.என். எண்ணும், கியூ.ஆர். கோடும் வந்து பில்லில் அச்சாகின்றன. அந்தச் சில விநாடிகளில் என்ன நடக்கிறது என்று கேட்டால், "நெட்டில் போய் வருகிறது" என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்வோம். நடப்பது இதுதான். நம் கடைக் கம்ப்யூட்டரில் உள்ள பில்லிங் புரோகிராம், அரசாங்கத்தின் பில் பதிவு மையத்தில் உள்ள வேறொரு புரோகிராமோடு பேசுகிறது. மனிதர் கண்ணால் பார்ப்பதற்கான பக்கம் எதுவும் இடையில் கிடையாது. இப்படிப் புரோகிராமும் புரோகிராமும் பேசிக்கொள்வதற்காகத் திறந்து வைத்திருக்கும் வாசலுக்குத்தான் வெப் சர்வீஸ் என்று பெயர். ஏ.பி.ஐ. என்றும் சொல்வார்கள்.

இந்த வாசலை அரசாங்கமும் பெரிய கம்பெனிகளும் மட்டும்தான் வைக்க முடியும் என்பதில்லை. மணவாளக்குறிச்சியில் உள்ள ஒரு பலசரக்கு மொத்தக் கடையும் வைக்கலாம். அதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் சிறிய மென்பொருள் நூலகங்கள் போதும். ஆனால் எழுதிக் கொடுக்கும் பையனிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை. புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம். கணக்கு எழுதத் தெரிந்தால் போதுமானது.

எதற்காக இந்த வேலை என்று முதலில் பார்த்துவிடுவோம். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை மொத்தக் கடையில் ஒருவர் போனோடு கட்டுண்டு கிடக்கிறார். கடியபட்டணத்திலிருந்து ஒரு கடை, முட்டத்திலிருந்து ஒரு கடை, மண்டைக்காட்டிலிருந்து ஒரு கடை. "அண்ணாச்சி, பாமாயில் டின் இருக்கா? இன்னைக்கு என்ன விலை?" என்று ஒரே கேள்வி ஐம்பது முறை வருகிறது. ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அதைப் பார்த்துப் பார்த்துக் கணக்கர் பில்லில் ஏற்றுகிறார். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் வெளியூர்க் கம்பெனிகள் சில்லறைக் கடைக்காரர் கையில் தங்கள் ஆர்டர் ஆப்பைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. சில மொத்த வியாபாரிகள் இத்தகைய ஆப்களில் தங்கள் சரக்கையும் ஏற்றியிருக்கிறார்கள். சேரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் நம் வாடிக்கையாளர், யாருக்கு என்ன விலை, யார் எந்த மாதம் எவ்வளவு எடுக்கிறார் என்பதெல்லாம் அப்போது நம் பேரேட்டில் மட்டுமல்லாமல் அடுத்தவன் பேரேட்டிலும் இருக்கும். ஒரு நாள் அவனே நேரடியாகச் சரக்கு இறக்க நினைத்தால் யார் கடைக்கு முதலில் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நம் இருப்பும் விலையும் நம் வாசலில் இருந்து பதில் சொன்னால், யாருக்கு எதைக் காட்டுவது என்ற முடிவு நம்மிடமே இருக்கும்.

ரெஸ்ட் என்றால் என்ன?

வெப் சர்வீஸ் எழுதுவதில் பல முறைகள் உண்டு. இன்று பரவலாக உள்ளது ரெஸ்ட் என்னும் முறை. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ராய் ஃபீல்டிங் என்பவர் 2000ஆம் ஆண்டு தம் டாக்டர் பட்ட ஆய்வேட்டில் இந்தப் பெயரை வைத்தார். இன்டர்நெட் பக்கங்கள் எந்த விதிகளின்படி போய்வருகின்றனவோ அந்த ஹெச்.டி.டி.பி. விதிகளை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ரெப்ரசன்டேஷனல் ஸ்டேட் டிரான்ஸ்பர் என்பதன் சுருக்கமே ரெஸ்ட். பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் நாம் தினமும் செய்வதுதான். மூட்டை குடோனிலேயே கிடக்கிறது. அதன் நிலை என்ன, எத்தனை சிப்பம், என்ன விலை என்று எழுதிய சிட்டை மட்டும் கைக்குக் கை போய்வருகிறது. ரெஸ்ட் முறையிலும் போய்வருவது சிட்டைதான்.

இந்த முறைக்கு இரண்டு மூன்று அடிப்படைகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான முகவரி. துவரம்பருப்பு நம் பட்டியலில் 112ஆம் எண் என்றால் அதன் முகவரி /சரக்கு/112. எங்கிருந்து யார் கேட்டாலும் அதே முகவரி. ஒரு ஆர்டருக்கும் அப்படியே ஒரு முகவரி, ஒரு வாடிக்கையாளரின் பாக்கிக்கும் ஒரு முகவரி.

இன்னொன்று, ஒவ்வொரு சிட்டையும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். "வழக்கம்போல அனுப்புங்க" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் நமக்குப் புரியும், ஏனென்றால் போன வாரம் என்ன எடுத்தார் என்பது நம் மனதில் இருக்கிறது. சர்வீஸ் அப்படி மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. யார் கேட்கிறார், எதைக் கேட்கிறார், எவ்வளவு கேட்கிறார் என்பது எல்லாமே அந்த ஒரு சிட்டையில் இருக்க வேண்டும். இதனால் ஒரு லாபம் உண்டு. இடையில் கரண்ட் போய், கம்ப்யூட்டர் நின்று, மறுபடி ஓடினாலும், பாதிப் பேச்சில் தொங்கிக்கொண்டிருக்கும் ஆள் யாரும் இருக்க மாட்டார்.

செய்யச் சொல்லும் வார்த்தைகள் நான்கைந்துதான். கெட் என்றால் காட்டு. போஸ்ட் என்றால் புதிதாக ஒன்றைச் சேர். புட் என்றால் இந்த முகவரியில் இதை வை. முன்பு ஏதாவது இருந்தால் அதை எடுத்துவிட்டு இதை வை. டெலிட் என்றால் நீக்கு. சிறிய திருத்தத்துக்கு பேட்ச் என்று ஒன்றும் உண்டு. பதில்களுக்கு எண்கள் உண்டு. 200 என்றால் சரி. 201 என்றால் புதிதாக எழுதியாயிற்று. 404 என்றால் அப்படி ஒரு சரக்கே நம்மிடம் இல்லை. 4இல் தொடங்கும் எண் வந்தால் கேட்டவர் பக்கம் பிழை. சிட்டையைத் திருத்தாமல் மறுபடி அனுப்பிப் பயனில்லை. 5இல் தொடங்கினால் நம் கடைப் பக்கம் கோளாறு. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கலாம். சில புரோகிராமர்கள் எல்லாவற்றுக்கும் 200 என்று போட்டுவிட்டு உள்ளே 'தவறு' என்று எழுதி அனுப்புகிறார்கள். கேட்கும் புரோகிராம் எண்ணைப் பார்த்து ஏமாந்துபோகும். இதை அனுமதிக்காதீர்கள்.

ஒரே ஆர்டர் இரண்டாகும் கதை

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமானது. சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஆனி, ஆடி மாதச் சாரலில் நம் கடற்கரைப் பக்கம் போன் சிக்னல் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு சில்லறைக் கடைக்காரர் பத்து மூட்டை சர்க்கரைக்கு ஆர்டர் அனுப்புகிறார். ஆர்டர் நம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. இருப்பில் பத்து மூட்டை குறைந்தும்விட்டது. "எழுதியாயிற்று" என்ற பதில் திரும்பிப் போகும்போது சிக்னல் அறுந்துபோகிறது. அவர் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் என்ன நினைப்பார்? போகவில்லை என்று நினைத்து மறுபடி தட்டுவார். இப்போது நம் கணக்கில் இருபது மூட்டை. டெம்போவில் இருபது மூட்டை ஏறும். கடை வாசலில் வாக்குவாதம், திரும்பக் கொண்டுவரக் கூலி, வாடகை, பில்லைத் திருத்தக் கிரெடிட் நோட்டு. அதற்கிடையில், இருப்பு இல்லை என்று இன்னொரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியும் இருப்போம்.

யு.பி.ஐ.யில் பணம் வாங்குகிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். வாடிக்கையாளர் போனில் "பெண்டிங்" என்று நிற்கும். அவர் மறுபடி அனுப்புவார். பிறகு பார்த்தால் இரண்டு தொகையும் வந்திருக்கும். பதில் வரவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: வேலை நடக்கவே இல்லை என்பது ஒன்று, வேலை நடந்துவிட்டது, செய்திதான் வரவில்லை என்பது மற்றொன்று. கேட்டவருக்கு இரண்டில் எது என்று தெரிய வழியே கிடையாது. எவ்வளவு நல்ல நெட் இருந்தாலும் இந்தச் சந்தேகம் ஒழியாது. எனவே, மறுபடி கேட்டால் கெடுதல் வராத மாதிரி சர்வீஸை அமைப்பதுதான் ஒரே வழி.

மேலே சொன்ன வார்த்தைகளை இந்தக் கண்ணோடு மீண்டும் பாருங்கள். கெட் எத்தனை முறை கேட்டாலும் இருப்பு மாறாது. புட்டும் அப்படியே. "சர்க்கரை இருப்பு 40 மூட்டை என்று வை" என்று ஒரு முறை சொன்னாலும் ஐந்து முறை சொன்னாலும் இருப்பு 40தான். டெலிட்டும் அப்படியே, நீக்கியதை மறுபடி நீக்கச் சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் "இருப்பில் 10 மூட்டை குறை" என்ற சொல்லை இரண்டு முறை கேட்டால் 20 குறைந்துவிடும். போஸ்ட் இந்த வகை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதே அதன் வேலை. ஆகவே ஆபத்து பெரும்பாலும் போஸ்டில்தான் இருக்கிறது.

தீர்வு மிக எளிது. ஆர்டருக்கான எண்ணை நாம் கொடுக்கக் கூடாது. ஆர்டர் அனுப்புகிறவரின் போனே, அனுப்புவதற்கு முன்பே, கொடுக்க வேண்டும். 17ஆம் எண் கடையின் 231ஆவது ஆர்டர் என்றால் அதன் முகவரி /ஆர்டர்/17-231. அந்த முகவரிக்கு புட் செய்கிறார். முதல் முறை வந்தால் எழுதி, இருப்பைக் குறைத்து, 201 என்று பதில் சொல்ல வேண்டும். பதில் கிடைக்காமல் அவர் மறுபடி அனுப்பினால் எண் அதே 17-231 ஆகத்தான் இருக்கும். நம் புரோகிராம் தன் பதிவேட்டைப் பார்க்கும். ஏற்கெனவே இருக்கிறது, விவரமும் ஒன்றே. இருப்பைத் தொடாமல், முன்பு எழுதியதையே எடுத்துக் காட்டி 200 என்று சொல்லும். அதே எண்ணில் பத்து மூட்டைக்குப் பதில் பதினைந்து மூட்டை என்று வந்தால்? அது தகராறு. 409 என்று சொல்லித் திருப்பிவிட வேண்டும். அவர் எதை நினைத்தார் என்பதைப் போனில் கேட்டுக்கொள்ளலாம். போஸ்ட் முறையிலேயே எழுத வேண்டும் என்று புரோகிராமர் விரும்பினாலும் சரி, ஒவ்வொரு ஆர்டரோடும் இப்படி ஒரு தனி எண் வர வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கவனிக்க: புதிய எண் எப்போது பிறக்க வேண்டும் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிட்டையைத் திறக்கும்போதே பிறக்க வேண்டும். 'அனுப்பு' பட்டனைத் தட்டும்போது பிறந்தால், இரண்டாவது தட்டலுக்கு இரண்டாவது எண் வந்துவிடும். பட்ட பாடெல்லாம் வீணாகும்.

அரசாங்க மையம் செய்வதைப் பாருங்கள்

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. இ-இன்வாய்ஸ் அமைப்பே இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது. ஐ.ஆர்.என். எண்ணை அதிகாரி யாரும் வரிசையாகக் கொடுப்பதில்லை. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, பில் நம்பர் ஆகிய நான்கையும் ஒரு கணக்கு முறையில் அரைத்தெடுத்தால் வருவதே அந்த 64 எழுத்து. அதே நான்கைக் கொடுத்தால் எப்போதும் அதே 64 எழுத்துதான் வரும். ஆகவே ஒரே பில்லை இரண்டாம் முறை அனுப்பினால், ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று 2150 என்ற பிழை எண்ணைச் சொல்லி மையம் திருப்பிவிடும். நம் கணக்கர்கள் இந்த 2150ஐப் பார்த்துப் பதறுவதுண்டு. பதற வேண்டியதில்லை. முதல் முறை அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். பழைய ஐ.ஆர்.என்.ஐக் கேட்டு வாங்கி அச்சடித்தால் போதும்.

அந்த நான்கில் வாங்குபவர் பெயரும் இல்லை, தொகையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொகையைத் திருத்தி அதே பில் நம்பரில் அனுப்பினாலும் 'இரட்டை' என்றுதான் பதில் வரும். பதிவானதை 24 மணி நேரத்துக்குள் அங்கே ரத்து செய்யலாம். ரத்து செய்த நம்பரை மறுபடி பயன்படுத்த முடியாது. நம் பெரியவர்கள் பேரேட்டில் அடித்து எழுதக்கூடாது, எதிர்ப்பதிவு போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்களே, அதே நியதி. நம் ஆர்டர் சர்வீஸிலும் டெலிட் வந்தால் பதிவை அழிக்கக் கூடாது; 'ரத்து' என்று குறித்து, இருப்பை ஏற்றி, நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. ஒரே பில் நம்பரைச் சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு முறையும் பெரிய எழுத்தில் ஒரு முறையும் அனுப்பினால் இரண்டு வேறு பில் போல் ஆகிவிடக் கூடாது அல்லவா? 2025 ஜூன் 1 முதல் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டே மையம் ஐ.ஆர்.என். தயாரிக்கிறது. அத்தனை பெரிய அமைப்பிலேயே இப்படி ஒரு சின்ன ஓட்டையை ஆண்டுகள் கழித்து அடைக்க வேண்டியிருந்தது. நம் ஆர்டர் எண்களில் எழுத்தே வேண்டாம், வெறும் இலக்கம் போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

விலையும் வரியும் ஓரிடத்தில்

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியது நினைவிருக்கும். பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் போன்றவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய், வெண்ணெய் 12இலிருந்து 5க்கு வந்தன. ஒரே இரவில் மாற்ற வேண்டியிருந்தது. வரி விகிதத்தை ஒவ்வொரு சரக்கின் கீழும் தனித்தனியே எழுதி வைத்திருந்தவர்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்.

சர்வீஸில் ஒரு சரக்கின் வரி ஓரிடத்தில், எந்தத் தேதி முதல் எவ்வளவு என்ற கணக்கோடு இருக்க வேண்டும். அதே சமயம், எழுதி முடித்த ஆர்டரில் அன்றைய விலையும் அன்றைய வரியும் பிரதியெடுத்துப் பதியப்பட்டிருக்க வேண்டும். இன்று விலைப்பட்டியலை மாற்றினால் போன மாத ஆர்டரின் தொகை மாறக் கூடாது. இது கணக்கருக்குச் சாதாரண விஷயம். புரோகிராமருக்குச் சொன்னால்தான் தெரியும். பல மென்பொருள்களில் பழைய பில்லை மறுபடி அச்சடித்தால் புதிய விலை விழுவது இதைக் கவனிக்காததால்தான்.

எந்த நூலகம்?

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி நம் ஊர் என்ஜினீயரிங் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அதில் இத்தகைய வேலைக்கு ஃபிளாஸ்க் என்று ஒரு நூலகம் உண்டு. ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த ஆர்மின் ரோனாக்கர் என்பவர் 2010 ஏப்ரல் முதல் தேதியன்று முட்டாள்கள் தின வேடிக்கையாக ஆரம்பித்தது பிறகு உண்மையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கு முன்பே மார்செல் ஹெல்காம்ப் என்பவர் எழுதிய பாட்டில் என்று ஒன்று இருந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் ஃபிளாஸ்க் என்ற பெயரும் வந்தது. பாட்டில் என்பது மொத்தமும் ஒரே ஒரு ஃபைல்தான். பைத்தானைத் தவிர வேறெதுவும் அதற்கு வேண்டாம். இரண்டும் இலவசம். சின்னக் கடைக்கு இரண்டில் எதுவானாலும் போதும்.

எப்படி எழுதுவார்கள் என்று கேட்டால், விதம் இதுதான். மேலே ஒரு வரியில் முகவரியையும் வார்த்தையையும் குறிப்பார்கள்: "/சரக்கு/எண் என்ற முகவரிக்குக் கெட் வந்தால்". அதன் கீழே செய்ய வேண்டிய வேலை: அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடு, இல்லையென்றால் 404 சொல், இருந்தால் பெயர், இருப்பு, விலை மூன்றையும் ஜேசான் என்ற வடிவத்தில் கொடு. ஜேசான் என்பது 'பெயர்: துவரம்பருப்பு, இருப்பு: 40' என்பது போல எழுதும் ஒரு சிட்டை வடிவம்தான், இ-இன்வாய்ஸும் இந்த வடிவத்தில்தான் போகிறது. இப்படி ஒரு சரக்கைக் காட்ட, பட்டியல் முழுவதையும் காட்ட, ஆர்டர் வாங்க, ஆர்டரைக் காட்ட, ரத்து செய்ய என்று ஐந்தாறு பத்திகள் எழுதினால் சர்வீஸ் முடிந்தது.

பதிவேட்டுக்கு எஸ்.கியூ.லைட் போதும். அதுவும் இலவசம்; ஒரே ஃபைலில் அடங்குவது. இரவில் கடை சாத்தும்போது பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். நமக்கு அது நன்மையே. கடைசி ஐந்து மூட்டைக்கு இரண்டு கடைகள் ஒரே விநாடியில் கேட்டால், இருப்பு போதுமா என்று பார்ப்பது, ஆர்டரை எழுதுவது, இருப்பைக் குறைப்பது ஆகிய மூன்றும் ஒரே கட்டாக நடந்து முடிந்த பிறகே அடுத்தவர் முறை வர வேண்டும். இந்தக் கட்டுக்கு டிரான்சாக்ஷன் என்று பெயர். ஆர்டர் எண் இரண்டாம் முறை வரக்கூடாது என்ற விதியையும் பதிவேட்டிலேயே பூட்டாகப் போட்டுவிடச் சொல்லுங்கள்; புரோகிராம் மறந்தாலும் பதிவேடு மறுத்துவிடும்.

டாலியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாலியே 9000 என்ற போர்ட்டில் வெளிப் புரோகிராம்களுக்குப் பதில் சொல்லும் வசதி கொண்டது. ஆகவே இருப்பை இரண்டு இடத்தில் எழுத வேண்டியதில்லை. நம் சின்னப் புரோகிராம் டாலியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் போர்ட்டை நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். அது கல்லாப் பெட்டியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். டாலிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நம் புரோகிராம் நிற்க வேண்டும்.

பூட்டும் சாவியும்

ஒவ்வொரு சில்லறைக் கடைக்கும் தனித்தனிச் சாவி, அதாவது ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எழுத்துக் கோவை கொடுக்க வேண்டும். சாவி இல்லாமல் வந்தால் 401 சொல்லித் திருப்ப வேண்டும். அது மட்டும் போதாது. 17ஆம் கடைக்காரர் தன் சாவியோடு வந்து, முகவரியில் 17 என்பதை 18 ஆக மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும்? அடுத்த கடைக்காரர் என்ன விலைக்கு எடுக்கிறார், எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். வியாபாரத்தில் இதைவிட மோசமான கசிவு உண்டா? இதைச் செய்யக் கம்ப்யூட்டர் நிபுணர் தேவையில்லை. பள்ளிக்கூடப் பையன் போதும். ஏ.பி.ஐ.களில் உள்ள ஆபத்துகளை வரிசைப்படுத்தி ஓவாஸ்ப் என்ற அமைப்பு 2019இலும் 2023இலும் வெளியிட்ட பட்டியல்கள் இரண்டிலும் முதலிடத்தில் இருப்பது இந்த ஓட்டைதான். சாவி யாருடையது, கேட்கும் பதிவு யாருடையது என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புரோகிராமை வாங்கும்போது நீங்களே எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஃபிளாஸ்க்கில் எழுதும்போது சோதனைக்காக டிபக் என்று ஒரு நிலை வைத்திருப்பார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே திறந்தால் அந்நியர் நம் கம்ப்யூட்டருக்குள் கட்டளையிட வழியுண்டு. அதை நிறுத்தியாயிற்றா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபிளாஸ்க்கோடு வரும் சோதனை சர்வரும் அன்றாட வியாபாரத்துக்கு ஏற்றதல்ல. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓட்டுவதானால் வெயிட்ரஸ் என்ற இலவச சர்வர் உண்டு. போய்வரும் வழி ஹெச்.டி.டி.பி.எஸ். ஆக இருக்க வேண்டும். அதற்கான சான்றிதழும் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்கென்று யாராவது தனியே பணம் கேட்டால் கொடுக்க அவசியமில்லை.

எங்கே ஓட்டுவது?

கடையிலேயே ஓட்டலாம், அல்லது வெளியூரில் மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுக்கலாம். கடையில் ஓட்டினால் கரண்டும் நெட்டும் போகும்போது சர்வீஸும் போகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோம். வெளியூர் சர்வரில் இருந்தால் சில்லறைக் கடைக்காரர் ஆர்டர் போட்டு வைக்கலாம். நாம் கரண்ட் வந்ததும் பார்க்கலாம். என் அபிப்பிராயம், ஆர்டர் வாங்குவது வெளியூர் சர்வரில், கணக்கும் இருப்பும் கடையில் என்று பிரித்துக்கொள்வது. கடைக் கம்ப்யூட்டர் சில நிமிடத்துக்கு ஒரு முறை புதிய ஆர்டர்களை எடுத்துக்கொண்டு, இருப்பை அங்கே எழுதி வைக்கும். இருப்பு எழுதுவது புட் ஆக இருக்க வேண்டும் என்பது இப்போது சொல்லாமலே விளங்கும்.

ஓ.என்.டி.சி. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மத்திய அரசின் முயற்சியால் அமைந்தது; 2022 ஏப்ரலில் கோயம்புத்தூர் உட்பட ஐந்து நகரங்களில் சோதனை தொடங்கினார்கள். எந்த ஆப்பில் இருந்து கேட்டாலும் எந்தக் கடையும் பதில் சொல்லலாம் என்பது அதன் நோக்கம். அங்கேயும் ஜேசான் சிட்டைகள்தான் போய்வருகின்றன. ஒவ்வொரு சிட்டைக்கும் தனி எண், ஒவ்வொரு பேரத்துக்கும் தனி எண் கட்டாயம். சரக்குப் பட்டியலும் இருப்பும் இப்படி ஒழுங்காக நம் கையில் இருந்தால், நாளை அதில் சேருவதானாலும் வேறெதில் சேருவதானாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

எழுதிக் கொடுத்தவர் பணம் வாங்க வரும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு போனில் இருந்து ஐந்து மூட்டைக்கு ஆர்டர் அனுப்பச் சொல்லி, அனுப்பிய உடனே அந்தப் போனின் நெட்டை அணைத்துவிடுங்கள். பிறகு நெட்டைப் போட்டு அதே சிட்டையை மூன்று முறை மறுபடி அனுப்புங்கள். இருப்பைப் பாருங்கள். ஐந்து மட்டும் குறைந்திருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். பத்தோ, பதினைந்தோ, இருபதோ குறைந்திருந்தால், சரி செய்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.